யார் பெயரில் அட்டை

தென்காசியில் எங்கள் வீட்டு முன்னறையில் மத்தியானம் ஆறேழு பெண்கள் மடியில் சொளவு என்கிற முறத்தோடு கூடிப் பீடி சுற்றுவார்கள். ஒருத்தி எதையாவது வாசிப்பாள்; அவள் பங்கை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். குற்றாலத்தில் கல்லூரி படித்தவள் என்பதால் அந்தச் சொகுசு எனக்கு. என் பங்கைப் பெரும்பாலும் சுற்றியது அண்ணன் மனைவி, என் மதினி.

ஒருமுறை நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தேன். நூறு வருஷத்துக்கும் முந்தி, பெண்ணின் விடுதலையும் தொழிலாளியின் விடுதலையும் ஒன்றில்லாமல் மற்றது வராது என்று வாதாடிய பெண்களைப் பற்றியது. ஓட்டுரிமைகூட இல்லாத காலத்தில் அவர்களுக்கு இருந்த தெளிவு என்னை அசத்திவிட்டது. குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். பெருமை பிடிபடவில்லை.

மதினி இலையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள். "இவங்க எழுதுத நேரத்துல சோறு பொங்குனது யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"நா சுத்துத பீடியெல்லாம் அத்தை அட்டையிலதான ஏறுது" என்றாள் அடுத்து. பீடிக்கடையில் கணக்கு எழுதும் அட்டை அம்மா பெயரில் இருந்தது. அம்மாவுக்கு விரல் மடங்காமல் போய் ஆறு வருஷம். பி.எப்., பென்ஷன் எல்லாம் அம்மாவுக்கு. மதினி பெயர் எங்கேயும் இல்லை. எங்கள் தெருவில் பல வீடுகளில் இப்படித்தான், அதனால் எனக்கு உறுத்தியதே இல்லை. படித்து என்ன கிழித்தேன்?

சாயங்காலம் சுற்றிய பீடியைக் கொடுக்கப் போன மதினிக்குத் துணையாகப் போனேன். கடையில் தனி அட்டை கேட்டாள். "அத ஒங்க வீட்ல பேசிக்கிடுங்க" என்றார் கடைக்காரர். மதினி இலையும் தூளும் மிச்சமிருந்த சொளவை அவர் மேசைமேல் வைத்து, நின்றபடியே ஒரு பீடி சுற்றினாள்.

"அட்டையில பேரு இருக்கவங்களக் கூட்டிட்டு வாரேன். இதே மாதிரி ஒண்ணு சுத்தட்டும். சுத்திட்டா நா பேசாமப் போயிருதேன்."

"நியாயந்தான அண்ணாச்சி" என்றார்கள் வரிசையில் நின்ற பெண்கள். புத்தகத்துப் பெண்களில் ஒருத்தியும் இவளுக்கு மேலே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அம்மா இரண்டு நாள் அட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். மூன்றாம் நாள் தானே போய்த் தன் அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மதினி பெயரில் புது அட்டை வந்த மத்தியானம் நான் வழக்கம்போலப் புத்தகத்தை விரித்தேன். மதினி அதை வாங்கிக்கொண்டு சொளவை என் மடியில் வைத்தாள்.

"நீ சுத்து. நா வாசிக்கேன்."

எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். அவள் பங்கை நான் சுற்றினேன். கடையில் அதில் முக்கால்வாசியைச் சரியில்லை என்று கழித்துவிட்டார்கள். இத்தனை வருஷம் எனக்காக அவள் சுற்றியதில் ஒன்றுகூடக் கழிந்ததில்லை.