கல்லாவில் உட்காரும் பெண்ணின் கையில் தங்க வாட்ச்

என் வீட்டுக்காரர் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். பாதி ஆயுசை ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டே கழித்தவர் என்பதால் கடைத்தெருவில் அவருக்கு ஒத்தைக்கண்ணர் என்று பெயர். வீட்டுக்கு வந்தால் அந்த ஒரு கண்ணும் கிடையாது. நான் புதுத்துணி உடுத்தினாலும் தெரியாது, முடியைப் பாதியாக வெட்டிக்கொண்டாலும் தெரியாது.

போன மாதம் ஒரு பணக்கார அம்மாளின் தங்க வாட்ச் கடைக்கு வந்தது. கார்க் கதவில் இடித்து, கேஸில், அதாவது மிஷினை மூடியிருக்கும் கூட்டில், விரிசல். தினமும் சாப்பிடும்போது அதே பேச்சுதான். மிஷினைக் கழற்றியாயிற்று, விரிசலைப் பற்றவைத்தாயிற்று, மெருகு போட்டாயிற்று. எங்களுக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட மனிதர் இவ்வளவு பேசவில்லை.

"ஒரு தடவ கண்ணால பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"கஸ்டமர் பொருளு. வெளியாளுங்க தொடக் கூடாது."

கட்டின பெண்டாட்டி வெளியாள். சரி, தொழில் அப்படி என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டோடு கடைக்குப் போனேன். கல்லாவில் உட்காரும் பெண் "வாங்கக்கா" என்று கையை நீட்டிக் கேரியரை வாங்கினாள். அந்தக் கையில் தங்க வாட்ச். நீள நீளமான விரல், நகப்பூச்சு, மெல்லிய மணிக்கட்டு. அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"நல்லா இருக்கே," என்றேன்.

"அண்ணன்தான் கட்டிவிட்டாங்கக்கா. டெஸ்டிங்காம்."

அண்ணன் என்றதெல்லாம் என் காதில் ஏறவில்லை. கட்டிவிட்டாங்க என்பதிலேயே காது நின்றுவிட்டது.

சாயங்காலம் அவர் தட்டில் கை வைத்ததும் ஆரம்பித்தேன். நிதானமாகத்தான் சொன்னார்.

"அது கை அசைஞ்சாத்தான் ஓடும். ரிப்பேர் முடிஞ்சா யாராவது மூணு நாள் கட்டிப் பாக்கணும். பட்டை சின்னது, எனக்குப் பத்தல."

"எனக்கும் பத்தாதா?"

"உன் கை எந்நேரமும் ஈரம். பத்தவச்ச இடத்துல தண்ணி இறங்கினா மிஷின் போச்சு. அவளுது காஞ்ச கை."

சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் என் கையைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை இதுதான்.

"யாரு தட்டக் கழுவி ஈரமாச்சு இது?" என்று கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். விரல்நுனி எல்லாம் வெடிப்பு. விரிசல் பார்க்கிறவர்தானே, பார்க்கட்டும்.

பார்த்தார். தட்டையும் பார்த்தார்.

அடுத்த நாள் வாட்சைப் பெட்டியில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்து, தன் கையாலேயே எனக்குக் கட்டிவிட்டார். "தண்ணி பக்கம் போயிடாத," என்றார்.

"நான் ஏன் போறேன்? நீங்க போங்க."

மூன்று நாளும் நான் நாற்காலியில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பாத்திரம், துணி, தரை எல்லாம் அவர். வாட்ச் ஒரு நிமிஷம் பிசகவில்லை. ஆனாலும் கல்லாப் பெண்ணின் கையில் இருந்த அழகு என் கையில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

கடைசி நாள் கழுவி முடித்துவிட்டு, ஊறிச் சுருங்கிய விரல்களை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் கைய வச்சிக்கிட்டு நாளைக்கு எப்படி வாட்சத் திறப்பேன்?"

"அந்தக் காஞ்ச கைக்காரியத் திறக்கச் சொல்லுங்க," என்றேன்.