மேல்காட்டில் மழையா என்று கேட்டவள்

திருக்கோவிலூரில் என் சின்ன மாமியார் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நூர்நிஷாவின் அண்ணன் சலீம் பாய். கடை நேரத்தில் அவர் யாருக்கும் போன் செய்கிறவர் இல்லை. "விஜிம்மா, நூரு பூட்டாம்மா," என்றார். "எங்க பூட்டா? நேத்துகூட எங்கிட்ட சண்ட போட்டாளே," என்று நான் அவரையே அதட்டினேன். அவர் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார். சாதம் போட வந்தவரிடம் வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, காலி இலையை அப்படியே விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

மழைக்குழு நண்பர்களே, உங்களில் பாதிப் பேருக்கு அவள் வெறும் 'கம்ப்யூட்டர் பாயம்மா'. அந்தப் பட்டம் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் நூரு. கல்லூரியில் ஒரே பெஞ்சு. பிறகு கள்ளக்குறிச்சியில் அவள் அண்ணனின் துணிக்கடைக்கு மேலே ஒரு சின்ன அறை பிடித்து, ரைஸ் மில்லுக்கும் மருந்துக்கடைக்கும் புரோகிராம் எழுதிக்கொடுத்துப் பிழைத்தோம். ஒரே வயதுக்காரிகள், இரண்டு பேருக்கும் வாய் நீளம். கீழே துணி எடுக்க வந்தவர்கள் மேலே ஏதோ அடிதடி என்று நினைத்துப் படியேறி வந்ததுகூட உண்டு. வந்து பார்த்தால் நாங்கள் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

மழைக்குழு வேலை எங்களிடம் வந்தது ராமலிங்கம் அண்ணன் வழியாக. கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிறவர், குழுவுக்குத் தலைவர், எனக்குத் தூரத்துச் சொந்தம். மலையடிவாரத் தரைப்பாலத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். மேலே கல்வராயனில் மழை கொட்டும், கீழே நமக்கு வெயில் காயும். ஓடையில் கணுக்கால் தண்ணீர்தானே என்று இறங்கினால் நடுவில் போகும்போது வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் மலைமேல் மேல்காட்டில், சின்னப்பொண்ணு என்கிற அம்மாவின் வீட்டு ஓரத்தில், மழையை அளக்கும் கருவி ஒன்றைக் குழு வாங்கி வைத்தது. அது மணிக்கு ஒரு தரம் ஒரு வரி அனுப்பும். அந்த வரியைப் படித்து, மழை எவ்வளவு என்று கணக்கிட்டு, அளவு மீறினால் "தரைப்பாலத்தில் இறங்க வேண்டாம்" என்று எல்லோர் போனுக்கும் செய்தி அனுப்புவது எங்கள் புரோகிராமின் வேலை.

அந்த வரியில் கமா கிடையாது, புள்ளி கிடையாது. ஊர்க் குறி, தேதி, நேரம், மழை எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே எழுத்துக் கோவையாக வரும். இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனையாவது எழுத்து வரை மழை என்று இடம் ஒதுக்கியிருப்பார்கள். சரியான இடத்தில் வெட்டி எடுத்து, எழுத்தாக இருப்பதை எண்ணாக மாற்ற வேண்டும். இதில் எங்களுக்குள் முதல் சண்டை எங்கிருந்து எண்ணுவது என்பதுதான். அவள் கம்ப்யூட்டர் வழக்கப்படி முதல் எழுத்தைப் பூஜ்யம் என்பாள், நான் ஒன்று என்பேன். "பந்தியில மொத எலைக்கு பூஜ்யம்னு யாராவது நம்பர் போடுவாங்களாடி?" என்று கேட்டேன். "உன் பந்தியில ஒரு எல எப்பவும் கம்மியாதான் வரும்," என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அன்று நான் வெட்டிய இடத்தில் மழையின் முதல் எழுத்து விடுபட்டுப் போயிருந்தது.

அடுத்து நடந்த கூத்தை ராமலிங்கம் அண்ணன் இன்றுவரை மறக்கவில்லை. அந்தக் கருவி தசமப் புள்ளியை அனுப்பாது. பன்னிரண்டரை மில்லிமீட்டர் மழை என்றால் புள்ளியில்லாமல் நூற்றிருபத்தைந்து என்று வரும். வாங்கிப் பத்தால் வகுக்க வேண்டும். நூரு அதை மறந்துவிட்டாள். மேலே லேசாகத் தூறியதற்கு ஊரெல்லாம் போன் அலறி, தரைப்பாலத்தில் கயிறு கட்டி, பால் வண்டியை நிறுத்தி, எல்லோரும் வெள்ளத்துக்காக வெயிலில் காத்திருந்தார்கள். பால் திரிந்துபோன கோபத்தில் வண்டிக்காரர் எங்கள் இரண்டு பேரையும் வகைதொகை இல்லாமல் திட்டினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நூருவுக்கு மானம் போயிற்று. ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த அவமானத்தில்தான் பெரிய தப்பு நடந்தது. இதை எழுத வேண்டாம் என்று சலீம் பாய் சொன்னார். நான் எழுதத்தான் போகிறேன், ஏனென்றால் நூரு இதை யாரிடமும் மறைத்ததில்லை. சில நேரம் வரி வரும், ஆனால் மழைக்கான இடத்தில் எழுத்தே இருக்காது. வெறும் வெற்றிடம். வெற்றிடத்தை எண்ணாக்கச் சொன்னால் புரோகிராம் முடியாது என்று படுத்துவிடும். படுத்தால் அடுத்தடுத்த செய்திகளும் நின்றுவிடும், ராமலிங்கம் அண்ணன் போனில் கத்துவார். மறுபடியும் பேர் கெடக் கூடாது என்று நூரு ஒரு வரி சேர்த்தாள். மழை இடம் காலியாக இருந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள். அதன் பிறகு புரோகிராம் ஒருநாள்கூடப் படுக்கவில்லை. பாராட்டாத ஆள் இல்லை.

அந்த ஐப்பசியில் மேல்காட்டுக் கருவியின் வயரை எலி கடித்துவிட்டது. பெட்டி வரியை அனுப்பிக்கொண்டேதான் இருந்தது, மழை இடம் மட்டும் காலி. எங்கள் திரையில் மணிக்கு மணி பூஜ்யம், பூஜ்யம் என்று அழகாக விழுந்தது. மேலே மலையே கரைகிற மழை. மரவள்ளி லோடு ஏற்றிவிட்டு வீடு திரும்பிய பெண்களோடு ஒரு வேன் தரைப்பாலத்தில் இறங்கியது. வேனை வெள்ளம் புரட்டிக்கொண்டு போய் ஒரு புங்கமரத்தில் சொருகியது. கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிறு போட்டு எல்லோரையும் இழுத்துவிட்டார்கள். உயிர் போகவில்லை. வேனில் இருந்த சின்னப்பொண்ணுவின் மகளுக்குக் கை முறிந்தது.

மறுநாளே மலைக்குப் போக வேண்டும் என்று நூரு நின்றாள். "அடிக்க வருவாங்கடி," என்றேன். "வரட்டும்," என்றாள். மேல்காட்டில் சின்னப்பொண்ணு வாசலில் நின்றிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. நூரு ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பொட்டி ஒண்ணுமே சொல்லலம்மா. மழ இல்லன்னு சொன்னது நானு," என்றாள். கருவிமேல் பழி போட்டிருக்கலாம், எலிமேல் போட்டிருக்கலாம். அந்த அம்மாவுக்குப் புரோகிராம் என்ன தெரியும், பூஜ்யம் என்ன தெரியும்?

சின்னப்பொண்ணு கத்திவிட்டார். "இங்க கூர ஒழுவிக்கினு கெடக்குது. வாசல்ல ஒரலு ரொம்பி வழிஞ்சிக்கினு கெடக்குது. நீ அங்க குந்திக்கினு மழ இல்லன்னு சொல்லுவியா? ஒரு போன் போட்டு, சின்னப்பொண்ணு, அங்க மழயான்னு கேட்டா இன்னா கொறஞ்சா பூடுவ?" பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். நூரு தலையைத் தூக்கி, "இனிமே கேக்கறேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சமாதானம், மன்னிப்பு என்று நீட்டி முழக்கவில்லை.

அறைக்கு வந்ததும் அந்தப் பூஜ்ய வரியை அழித்தாள். இடம் காலியாக இருந்தால் இனி எண்ணாக்கவே கூடாது. திரையில் "தெரியல" என்று வர வேண்டும், அந்த நிமிஷமே அவள் போனுக்கும் ஒரு செய்தி போக வேண்டும். இது ராமலிங்கம் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார். "இன்னாம்மா இது, தெரியல தெரியலன்னு போட்டுக்கினு? தெரிஞ்சிக்கறதுக்குத்தானே இவ்ளோ பெரிய பொட்டி வாங்குனோம்?"

"அண்ணே, பந்தியில ஒரு எல காலியா கீதுன்னு வெச்சிக்கங்க," என்றாள் நூரு. "சாப்ட வந்தவரு எனக்கு வேணாம்னு சொன்னாரா, இல்ல ஆளே வர்லியா? எலய பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். கேட்டாதான தெரியும்?"

"யாரு கேக்கறது?"

"நான் கேக்கறேன்."

கேட்டாள். மெனக்கெட்டு, ஒரு தடவை விடாமல் கேட்டாள். சிக்னல் இல்லாவிட்டால் கிடைக்கும்வரை அடித்துக்கொண்டிருப்பாள். ரம்ஜானில் நோன்பு திறக்கக் கையில் பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்திருப்பாள், போன் சிணுங்கும், பழத்தை வாயில் போட்டுக்கொண்டே "சின்னப்பொண்ணும்மா, அங்க மழயா?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். "ஜாஸ்தி பண்ற நூரு. போன மணி நேரத்துக் கணக்க எடுத்துப் போட்டா ஆச்சி," என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "போன மணி நேரம் வேற, இந்த மணி நேரம் வேற," என்பாள். முதலில் கேட்ட கேள்விக்கு மட்டும் வெடுக்கென்று பதில் சொல்லிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு, போகப்போக உரல் எவ்வளவு ரொம்பியிருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். பிறகு மகளின் கல்யாணத்தைச் சொன்னார், பேத்தி பிறந்ததைச் சொன்னார். சாமைக்கும் தேனுக்கும் எங்கள் அறையில் அதன் பிறகு பஞ்சமே இல்லை.

அவளுடைய மூன்றாம் நாள் ஃபாத்திஹா. மத்தியானம் பெண்கள் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதி முடித்திருந்தார்கள். எனக்கு ஓதத் தெரியாது. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். எனக்கு அவள்மேல் கோபம்கோபமாக வந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா? ஊர் மழையை எல்லாம் கேட்கத் தெரிந்தவள், தன்னை யாரும் கேட்க விடவில்லை. அப்போது சலீம் பாய் நூருவின் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "விஜிம்மா, இது வந்துக்கினே கீது. எனக்கு ஒண்ணும் புரியல. அணைச்சிடட்டா?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். "மேல்காடு: தெரியல. கேள்." தனக்குத் தானே எழுதிவைத்த செய்தி. வெளியே கள்ளக்குறிச்சியில் சுள்ளென்று வெயில். எழுந்துபோய் மாடிப்படியில் நின்று அவள் போனிலிருந்தே சின்னப்பொண்ணுவுக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க நூரம்மா! இன்னும் காணுமேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

நூரு இறந்த செய்தி மலைக்குப் போயிருக்கவில்லை. "நான் விஜயா பேசறேம்மா. மொதல்ல சொல்லுங்க, அங்க மழயா?"

"ஊத்துதுங்க. ஒரலு வழியுது. யாரையும் தண்ணியில எறங்க உடாதீங்க."

அப்படியே ராமலிங்கம் அண்ணனுக்குப் போட்டேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. கயிறு கட்டப்பட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வந்த டவுன் பஸ்ஸை இந்தக் கரையிலேயே நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் செம்மண் தண்ணீர் தரைப்பாலத்தை மூடிக்கொண்டு போயிற்று என்று அண்ணன் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்தப் பொண்ணு நம்மள உட்டுப் போவலம்மா," என்று ஓவென்று அழுதார்.

பிறகு சின்னப்பொண்ணுவைத் திரும்ப அழைத்தேன். "நூரம்மா எங்கங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். சொன்னேன். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டது. "இனிமே யாருங்க கேப்பாங்க?" என்றார்.

"நான் கேக்கறேன்," என்றேன்.

நூருவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த ஒரு வேலைதான். புரோகிராமில் அவள் எண்ணை எடுக்கவில்லை, அதற்குக் கீழே என் எண்ணைச் சேர்த்திருக்கிறேன். அறையில் சண்டை போட ஆளில்லை. சாப்பாட்டை இரண்டாகப் பிரிக்கக் கை போய்விட்டுத் திரும்புகிறது. நான் தேறிவிட்டேனா என்று கேட்டீர்களானால், தெரியல.

போன வாரம் வானம் வெளுத்துக் கிடந்த ஒரு காலையில் மறுபடியும் மழை இடம் காலியாக வந்தது. நான் போனைக் கையில் எடுப்பதற்குள் அதுவே அடித்தது. சின்னப்பொண்ணு. "மழ இல்லீங்க. ஒரு சொட்டு இல்ல. பொட்டியில ஒரு லைட்டு எரியல, அங்க தெரியலன்னு காட்டுமேன்னு நானே போட்டேன்," என்றார். திரையில் "தெரியல" என்று இருந்த இடத்தில் பூஜ்யம் என்று நானே அடித்தேன். கேட்டு வாங்கிய பூஜ்யம்கூட இல்லை, அவராகவே சொல்லிக் கொடுத்தது. நூரு, இதை நீயும் ஒத்துக்கொள்வாய்.