தேர்தல் நாளில் உருத்திரபுரத்து ரொட்டியும் சம்பலும்

பாராளுமன்றத் தேர்தலுக்கு அலுவலகம் ஒரு நாள் விடுமுறை தந்தது. முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் லீவு போட்டேன். நான் இருக்கும் வெள்ளவத்தையில் வாக்களித்துவிட்டுப் புறப்பட்டால் ஒரு நாள் வீணாகிவிடும் என்று நினைத்து, முதல்நாள் காலையிலேயே கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறிவிட்டேன். கிளிநொச்சியில் இறங்கும்போது பிற்பகல் ஒன்றரை மணி.

மறுநாள், தேர்தலன்று காலை ஏழு மணிக்கு, சிவா என்பவரின் ஓட்டோவில் உருத்திரபுரம் போனேன். நகரிலிருந்து எட்டு கிலோமீற்றர் இருக்கும், எண்ணூறு ரூபாய். பழைய சிவன் கோவிலையும் வாய்க்கால் ஓர வயல்களையும் பார்ப்பதுதான் திட்டம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வயல்கள் பச்சையாகக் கிடந்தன. கோவிலில் என்னைத் தவிர இரண்டு பேர்.

எட்டரைக்குப் பசித்தது. சிவா ஒரு தகரக் கூரைக் கடைக்குக் கூட்டிப்போனார். உட்கார இரண்டு வாங்குகள், ஒரு அடுப்பு. கடைக்காரி லெட்சுமி அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு தேங்காய் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் பால் விடாத பிளேன்ரீயும் நூற்றி அறுபது ரூபாய். ரொட்டி ஓரம் மொறுமொறுப்பு, நடு மெது.

"சம்பலைப் பாருங்கோ தம்பி," என்றார். "வெள்ளையா இருந்தா நாடு நல்லா இருக்கு. இப்பிடிச் சிவப்பா இருந்தா, தேங்காய் விலை ஏறி, மிளகாயைக் கூட்டிப் போட்டிருக்கு எண்டு அர்த்தம். கொழும்பில ஆர் ஆட்சிக்கு வந்தாலும் நான் இதைத்தான் பாப்பன்."

சிவா சிரித்தார். "அக்கா எல்லாத்தையும் கதைப்பா. ஒடியல் கூழ் மட்டும் குடிக்கமாட்டா."

"மீன் முள்ளைத் தேடித் தேடிக் குடிக்கிறதும் ஒரு சாப்பாடோ? நீங்கள் யாழ்ப்பாண ஆக்கள், உங்கட நாக்கு வேற. நாங்கள் தேயிலைத் தோட்டத்து ஆக்கள், எங்களுக்கு ரொட்டிதான்." ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே தொடர்ந்தார். "முந்தி இருந்தவங்கள் இனம் இனம் எண்டு கதைச்சாங்கள். இப்ப இருக்கிறவங்கள் களவு களவு எண்டு கதைக்கிறாங்கள். எங்கட காணிக்கு உறுதிப் பத்திரம் தாறம் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. எண்டாலும் வோட்டுப் போடவேணும். நீங்கள் போட்டாச்சோ?"

"இல்லை அக்கா. லீவு கிடைச்சது, வெளிக்கிட்டு வந்திட்டன்."

அவர் என்னைப் பார்த்தார். அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டு, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஹற்றன் பக்கத் தோட்டத்தில் வேலை செய்தவர். எழுபத்தேழு இனக்கலவரத்தில், ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். காடு வெட்டினார், பிறர் வயலில் கூலிக்கு நின்றார். தோட்டத்து ஆட்கள் பலருக்கும் போல, குடியுரிமைப் பத்திரம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை; அது இல்லாமல் வாக்கும் இல்லை.

"பேப்பரில ஒரு நியூஸ் விடமாட்டார். அறுபத்தெட்டு வயசில செத்தார். ஒருக்காலும் வோட்டுப் போடேல்ல."

பத்து மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு வந்தார். வாக்காளர் அட்டை வரவில்லையாம்; அடையாள அட்டை போதும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வாக்களிப்பு நடந்த பள்ளிக்கூடம் நாங்கள் திரும்பும் வழியில்தான். அவரையும் ஏற்றிக்கொண்டோம்.

இருபது நிமிடத்தில் வெளியே வந்தார். விரலில் மை இல்லை.

"மூண்டு தரம் தேடிப் பார்த்தவை. பேர் இல்லையாம். போன வருசம் புது வீட்டுக்கு மாறினனாங்கள் எல்லோ, விலாசம் மாத்திக் குடுத்த பாரம் போய்ச் சேரேல்லயாம்."

"வாங்கோ, உள்ள போய்க் கதைப்பம்," என்று சிவா இறங்கினார்.

"வேண்டாம் சிவா. அதில இருக்கிற பிள்ளையள் நல்லாத்தான் கதைச்சதுகள். லிஸ்டில இல்லாட்டி அதுகள் என்ன செய்யும்?"

ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தார். சிவாவும் திரும்பி வந்து ஏறினார். வெளியே பார்த்தபடியே சொன்னார்: "அப்பாவுக்குச் சாகும்வரை இல்லை. எனக்கு இந்த ஒருமுறைதானே தம்பி."

என்னைத் தேற்றுவது போல இருந்தது அவர் குரல். அவரைத் திரும்பக் கடையில் இறக்கினோம். அவர் அடுப்பு மூட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

போக நினைப்பவர்களுக்கு: உருத்திரபுரத்துக்கு பஸ் குறைவு. போய் வர, காத்திருப்போடு ஓட்டோவுக்கு இரண்டாயிரம் ரூபாய் பேசிக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் கோவிலுக்குப் போய்விடுங்கள். மாரி காலமென்றால் குடை வேண்டும். காலைச் சாப்பாட்டை விடுதியில் முடிக்காமல் ஊருக்குள் சாப்பிடுங்கள்.

வீடு மாறியிருந்தால், வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். தேர்தல் விடுமுறையில் பயணம் போவதானால் வாக்களித்துவிட்டுப் போங்கள். வயல்கள் அடுத்த நாளும் அங்கேதான் இருக்கும். வெள்ளவத்தை இடாப்பில் என் பெயர் இருந்தது. அன்று மாலை நான்கு மணிக்கு வாக்களிப்பு முடிந்தபோது, நான் கிளிநொச்சியில் விடுதிக் கட்டிலில் படுத்திருந்தேன்.