அவிழ்த்த துப்பட்டா

என் மகளுக்கு முதுகு நிற்காது. உட்காரவைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவாள். அதனால் நாற்காலியோ பஸ் சீட்டோ, எங்கே உட்கார்ந்தாலும் பழைய துப்பட்டா ஒன்றால் அவள் இடுப்பைச் சேர்த்துக் கட்டிவிடுவேன். ஊட்டி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் என்னைப் போலீஸ்காரி என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். விழுந்தால் தூக்குவது நான்தானே.

போன வருஷம் அவளுடைய சிறப்புப் பள்ளியில், பிள்ளைகளைப் பாய்மரப் படகில் ஏற்றப்போகிறோம் என்றார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே செய்த படகாம். நடுவில் ஒரு குச்சி இருக்குமாம், அதை அசைத்தால் திரும்புமாம். மலையில் பிறந்து வளர்ந்தவள் நான், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. முடியாது என்றேன். மகளுக்குப் பேச்சு வராதே தவிர பிடிவாதம் நன்றாக வரும். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. வேறு வழியில்லாமல் எமரால்டு அணைக்குக் கூட்டிப்போனேன்.

படகில் உட்காரவைத்ததுமே என் கை தன்னால் துப்பட்டாவைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பயிற்சிக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"அதை அவுத்துருங்கக்கா."

"கட்டலீன்னா சாஞ்சுருவா."

"படகு கவுந்தா போட்டுருக்கற லைஃப் ஜாக்கெட்டு பாப்பாவ மேல தூக்கிரும். கட்டி வெச்சீங்கன்னா படகோடயே மாட்டிக்குவா."

கவிழ்வதைப் பற்றி இத்தனை சாதாரணமாகப் பேசுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடிச்சை அவிழ்க்க விரல் வளையவில்லை. அவளே குனிந்து அவிழ்த்து, துணியை என் கையில் கொடுத்துவிட்டு, மகளுக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் காற்று பிடித்துப் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அதே நேரம் எதிர்க்கரைத் தேயிலைச் சரிவிலிருந்து பனிமூட்டம் இறங்கிப் படகை மறைத்துவிட்டது. பாதுகாப்புக்கு இன்னொரு படகு கூடவே போகிறது, பயப்படாதீர்கள் என்றார் கரையில் என்னோடு நின்ற டீச்சர். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கூப்பிட்டால் என் மகளால் பதில்கூடச் சொல்ல முடியாது. யா அல்லாஹ், என் கையாலேயே கொண்டுவந்து ஏற்றினேனே! செருப்போடு தண்ணீரில் இறங்கி நிற்கிறேன் என்பது, காலில் குளிர் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

பனி விலகியபோது படகு கரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பின்னாலிருந்தவளின் இரண்டு கைகளும் பாய்க்கயிற்றில் இருந்தன. குச்சியைப் பிடித்திருந்தது என் மகள். காற்று படகைச் சாய்த்தபோது அவள் மெல்ல எதிர்ப்பக்கம் சாய்ந்தாள்.

"எதிர்ப்பக்கம் சாயறத நான் சொல்லித் தரலீங்கக்கா," என்றாள் அந்தப் பெண் கரைக்கு வந்ததும்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து, வழக்கம்போலத் துப்பட்டாவைச் சுற்றினேன். என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். மறுபடி சுற்றினேன், மறுபடி தள்ளினாள். அதற்குள் கொண்டைஊசி வளைவுகள் ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொரு வளைவிலும் அவள் தோள் கொஞ்சம் சாய்ந்து, தானாக நிமிர்ந்து வந்தது. முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தது நான்தான்.