பாதி ஜெபத்தில் எழுந்து ஓடியவன்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தீபாவளி சீசனில், சிவகாசிக்குப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் நடந்தது இது. நான் அப்போது ஆமத்தூர்ப் பக்கம் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். சம்பளம் சிறிது, தொண்டை பெரிது. நான் ஜெபிக்க ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும் என்று சபையில் பேச்சு. அதைப் புகழ்ச்சி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கம்பெனியில் சரவெடி பின்னும் பெண்களில் பத்துப் பேர் எங்கள் சபைக்காரர்கள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்குக் கால்மணி நேரம் ஜெபக்கூட்டம் நடத்தப் போவேன். அன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், ஆண்டவரோடு இணைபிரியாமல் வாழ்வது எப்படி. பேசி முடித்துக் கண்ணை மூடி, "எந்த ஆபத்து வந்தாலும் உமது பாதத்தை விட்டு இம்மியும் அசையமாட்டோம் ஆண்டவரே" என்று உருகிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து அறையில் வெடிமருந்து வைத்திருப்பார்கள். அங்கிருந்து 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

இம்மி என்ன, பத்துக் கஜம் அசைந்திருந்தேன். ஆமென்கூடச் சொல்லவில்லை. ஜெபத்துக்கு வந்தவர்களில் ஒரு பெண் வாசலில் நின்றாள். இரண்டு கையாலும் அவளைத் தள்ளினேன். விழுந்தவளைத் தாண்டிக் குதித்து ஓடினேன். முதுகுக்குப் பின்னால் வெடித்தது.

திரும்பிப் பார்த்தால் மருந்து அறைக்குக் கூரையே இல்லை. என் பின்னால் ஓடிவந்தவர்கள் புழுதியில் கிடந்து இருமிக்கொண்டிருந்தார்கள். நான் தள்ளிவிட்டவள் கடைசியாகத் தவழ்ந்து வந்தாள். வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. அம்புட்டுப் பெரிய தொண்டையிலிருந்து எனக்கு ஒரு சத்தம் வரவில்லை.

அதைவிட அதிர்ச்சி சாயங்காலம் வந்தது. ஊருக்குள் கதை வேறு மாதிரி ஆகியிருந்தது. "சார்வாள் கண்ண மூடி ஜெபிச்சிட்டு இருந்தாகளாம், திடீர்னு எந்திரிச்சு ஓடுனாகளாம். ஆண்டவரே காதுல சொல்லியிருக்காரு!" நான் ஓடியதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஓடித் தப்பினார்களாம். அடுத்த வார ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும்படி போதகர் கேட்டார். சரி என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தரம் சொல்லியும் பார்த்தேன்.

அதற்குள் இன்னொரு செய்தி வந்தது. கம்பெனி மேஸ்திரி அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம். "வாசல்ல விழுந்து வழிய மறிச்சவ. பத்துப் பேரு சாகப் பாத்தாக. இனி இவ இங்கன வேண்டாம்" என்றாராம். அவள் புருஷன் இல்லாதவள். அந்தக் கூலியில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

என்னைப் பற்றி யாரிடமாவது சொல்லிவிட்டாளா என்று துப்பறியத்தான் அவள் கிடந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் நாலு ஆரஞ்சுப் பழம், முகத்தில் பரிசுத்தம்.

"வாங்க சார்வாள், சாப்பிட்டீகளா?" என்றாள், கட்டுப் போட்ட கையோடு.

"நீ எப்படி விழுந்தேன்னு மேஸ்திரி கேட்டாராம்மா?" என்று இழுத்தேன்.

"கேட்டாரு. பேசாம இருந்துட்டேன்."

"ஏம்மா?"

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்."

அந்தக் குரலில் கொஞ்சம் குத்தல் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"என்மேல கோவம் இல்லையா?"

"இல்லாம என்ன? அம்புட்டையும் ஆண்டவர்கிட்டக் கொட்டிட்டேன். உங்களத் திட்டுனேன். அவரையும் சேத்துத் திட்டுனேன். கை எரியிறப்பல்லாம் இன்னும் திட்டிக்கிட்டுத்தான் கெடக்கேன்."

"ஆண்டவரைத் திட்டலாமாம்மா?" வாத்தியார் புத்தி போகுமா?

"நல்லாருக்கே! கூடவே இருக்கிறவரத் திட்டாம, ஊர்ல இல்லாதவரயா திட்டுவாக?"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். இவளுக்கா நான் இணைபிரியாமல் வாழ்வது பற்றிப் பாடம் நடத்தினேன்!

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் நின்றேன். "ஆண்டவர் என் காதில் ஒன்றும் சொல்லவில்லை. பயந்து ஓடினேன். அவள் தானாக விழவில்லை, தள்ளிவிட்டவன் நான்" என்றேன். அல்லேலூயா சொல்ல வாயைத் திறந்த ஒருவர் அப்படியே மூடிக்கொண்டார். மறுநாள் போதகரோடு போய் மேஸ்திரியிடமும் அதையே சொன்னேன். அவர் என் பரம்பரையையே நல்ல நல்ல வார்த்தைகளால் விசாரித்துவிட்டு, கை ஆறியதும் அவளை வேலைக்கு வரச் சொன்னார். என்னை அந்தப் பக்கமே வரவேண்டாம் என்றார். நியாயம்தானே?

பல வருஷம் எனக்கு ஊரில் 'ஓட்டச் சார்வாள்' என்று பேர் இருந்தது. அது பரவாயில்லை. இன்றைக்கும் ஜெபத்தில் வார்த்தைகள் அழகழகாக வந்து விழும்போதுதான் எனக்குப் பயம் தட்டுகிறது: இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறேனே, அவரை விட்டு எம்புட்டுத் தூரத்தில் நிற்கிறேனோ!