கண் மூடாத படம்

காலிபிளவர் வறுக்க மனைவி வினிகர் பாட்டிலைத் திறந்தாள். எனக்கு எச்சில் ஊறவில்லை, கோபம்தான் ஊறியது.

விழுப்புரம் வீட்டுக் குளியலறையில் அண்ணன் பிலிம் கழுவிய நாளின் நெடி அது. பிளாஷ் மின்னினாலே அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். அதனால் அண்ணன் கேமராவை இரவல் வாங்கி, பிளாஷே வேண்டாத ஸ்பீடு பிலிம் போட்டு, சமையலறை பல்பு வெளிச்சத்தில் அவள் மல்லாட்டைக் கடலை உரித்தபடி சிரிப்பதை எடுத்தான். பிறகு குளியலறை ஜன்னலைச் சாக்கால் அடைத்து, இருட்டில் பிலிமை மருந்துத் தண்ணீரில் அலசினான். அடுத்து, மருந்தின் வேலையை நிறுத்த முக்கி எடுக்க, பக்கத்துக் கிண்ணத்தில் வினிகர். ஐந்தாவதையே இரண்டு முறை படித்த அறிவாளியான நான், உள்ளே தாழ்ப்பாளுக்குக் காவல்.

திண்டிவனத்தில் வேலை முடித்து ரயிலில் வரும் அப்பாவுக்குக் குளித்த பிறகுதான் பேச்சே வரும். அன்று குளிக்கும் முன்பே வந்துவிட்டது.

“கதவத் தொறங்கடா! உள்ள என்னா அடகாத்துக்கினு கீறீங்க?”

“வெளிச்சம் பட்டா அம்மா படம் பூடும்பா!” என்று அண்ணன் கத்தினான்.

“அவ மூஞ்சியத்தான் தெனம் பாக்குறனே, படம் வேறயா?”

ஒரே உதை. தாழ்ப்பாள் ஒரு பக்கம், நான் வினிகர் கிண்ணத்தில். பிலிம் முழுக்கக் கறுத்துவிட்டது. இரவல் கேமராவும் திரும்பிப் போனது.

இப்போது மாலை போட்ட படத்திலும் அம்மா கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறாள். அதையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்:

“ஏண்டா, உங்கம்மா கண்ணத் தொறந்துக்கினு கீற படம் ஒண்ணுகூட இல்லியா?”

வினிகர் பாட்டிலைக் கொண்டுபோய் அவர் மூக்கருகே நீட்டினேன்.

“கீது. மோந்து பாரு.”