எதுக்கு அக்காவும் காலி பாட்டில்களும்

எங்கள் ஸ்கேன் பிரிவில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் எதுக்கு அக்கா.

ஸ்கேன் சீட்டைப் பார்த்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி அது. பத்தொன்பது வருடமாக வயிற்றைப் படம் எடுக்கிறார். பத்தொன்பது வருடமாகச் சீட்டில் ‘வயிற்று வலி’ என்ற இரண்டே சொற்கள். அதை எழுதிய டாக்டரை உடனே போனில் பிடித்துவிடுவார்.

“வயிறு வலிக்குதுன்னு அவருக்கே தெரியும் டாக்டர். அதை நாங்க வேற படம் எடுத்துச் சொல்லணுமா? நீங்க எதைத் தேடுறீங்க? கல்லா, கட்டியா, அடைப்பா?”

ஒவ்வொன்றுக்கும் படம் எடுக்கும் விதம் வேறு. டாக்டர்கள் எரிந்து விழுவார்கள், ஆனால் யோசித்துப் பதில் சொல்லிவிடுவார்கள். அக்கா நோயாளிக்கு மூன்று முறை மூச்சடக்கப் பழக்கிய பிறகுதான் மேசையில் படுக்க வைப்பார். வயிறு அசைந்தால் படம் கலங்கிவிடும். இருட்டறையில் உட்கார்ந்து படம் படிக்கும் டாக்டர், “அக்கா எடுத்த படம்னா எனக்குப் பாதி வேலை முடிஞ்ச மாதிரி” என்பார். கதவைச் சாத்திக்கொண்டுதான் சொல்வார்.

கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவரிடமும் அக்கா “எதுக்கு?” என்றாராம். “தெரியலையே” என்று அவர் விழித்தாராம். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று கட்டிக்கொண்டார். இன்றுவரை இருவரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

நான் அங்கே டோக்கன் கொடுப்பவன், அக்கா என்னைக் கூப்பிடுவதும் டோக்கன் என்றுதான். துணிச்சல் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிரிவுக்குத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் தரத்தார். படத்தைக் காட்டினால் அவருக்கு ஈரலும் தெரியாது, மண்ணீரலும் தெரியாது. ஆனால் பாட்டில் எண்ணத் தெரியும். ஆகவே தரம் பாட்டிலில் இருக்கிறது என்று முடிவானது.

வயிற்று ஸ்கேனுக்கு முன் குடிக்க ஒரு வெள்ளைத் தண்ணீர் உண்டு. குடலைப் படத்தில் வெள்ளையாகக் காட்டும். அக்கா எல்லோருக்கும் அதை நீட்ட மாட்டார். ஒல்லியானவர்களுக்குக் குடல்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கும், பிரித்துக் காட்டத் தேவைப்படலாம். கல்லைத் தேடுகிறவருக்கு எதற்கு? படம் படிக்கும் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுப்பார்.

தரத்தார் விதிகள் போட்டார். வயிற்று ஸ்கேனுக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு பாட்டில் குடித்தே ஆக வேண்டும். படம் எடுக்கும் டெக்னீஷியன் நோயாளியிடம் கேள்வி கேட்கக் கூடாது. டாக்டருக்குப் போன் போடக் கூடாது. மாலையில் காலி பாட்டிலும் ஆள் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். எண்ண வேண்டியவன் நான்.

முதல் வாரம் காலி பாட்டில் பதினொன்று குறைந்தது. தரத்தார் என் கணக்கைச் சிவப்பு மையில் வட்டமிட்டார். அடுத்த வாரத்திலிருந்து மிச்ச பாட்டில்களைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, காலி என்று எழுதினேன். அந்த மாதம் தொட்டி முப்பது லிட்டர் குடித்தது. அதன் குடலில் ஒரு கோளாறும் இல்லை என்று நான் எழுதியே தருவேன்.

எங்கள் பிரிவுக்குத் தரக் கோப்பை கொடுத்தார்கள். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “எதுக்கு?” என்றார். நான் தொட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

பாட்டில் கணக்கை மறைத்தேன், அக்கா விதியை மீறி டாக்டர்களுக்குப் போட்ட போன் பட்டியலை மறைக்க முடியவில்லை. திங்கட்கிழமை முதல் அக்கா பழைய கோப்பு அறைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவு வந்த அன்று அவர் பாட்டில் அலமாரியோரம் உட்கார்ந்து அழுதார். “தூசி தட்டவா நான் இந்த வேலையைக் கத்துக்கிட்டேன், டோக்கன்?” எனக்கு அவமானமாக இருந்தது. கோப்பையைத் தூக்கி எறியலாம் போலிருந்தது, எறியவில்லை.

அந்தத் திங்கள் வருவதற்குள், வெள்ளிக்கிழமை காலை தரத்தாரே மனைவியோடு வந்தார். முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை. கையில் சீட்டு: வயிற்று வலி. விதிப்படி தானே ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார்.

“எதுக்கு சார் ஸ்கேன்?” என்றார் அக்கா.

“சீட்டுல இருக்கே.”

“வேற ஏதாவது தொந்தரவு?”

“டெக்னீஷியன் நோயாளிகிட்ட கேள்வி கேட்கக் கூடாது. ஏழாவது விதி.”

“நோயாளியோட மனைவிகிட்ட கேட்கக் கூடாதுன்னு விதி இல்லையே சார். அம்மா, நீங்க சொல்லுங்க.”

அந்த அம்மா கணவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “காலையிலேர்ந்து மூணு தடவை ரத்தமாவே போச்சும்மா. டாக்டர்கிட்ட சொல்லவே விடல. ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிடும், மானம் போயிடும்ங்கிறார்.”

அக்கா பாட்டிலைப் பிடுங்கப் போனார். தரத்தார் விடவில்லை. “குடிக்கலேன்னா கணக்கு இடிக்கும்…” என்று முனகினார்.

“கணக்கை நான் பார்த்துக்கறேன் சார்” என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய ஒரே வீர வசனம் அது.

அக்கா போனை எடுத்தார். இருட்டறை டாக்டர் ஓடி வந்தார். ரத்தத்தைப் படத்தில் வெள்ளையாகக் காட்டும் ஊசி மருந்துக்கு முன் ஒன்று, மருந்து ரத்தக்குழாயில் பாயும்போது ஒன்று, சற்றுப் பொறுத்து ஒன்று என்று மூன்று தடவை படம். “இழுங்க சார், பிடிங்க, அப்படியே பிடிங்க” என்று அக்கா சொல்லச் சொல்ல, எங்களுக்கெல்லாம் விதி போட்ட மனிதர் குழந்தையாக மூச்சைப் பிடித்தார்.

இரண்டாவது படத்தில் குடலுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு. மூன்றாவதில் அது பெருத்திருந்தது. ரத்தம் கசியும் இடம்.

“அந்தத் தண்ணியைக் குடிச்சிருந்தார்னா வெள்ளைக்குள்ள வெள்ளை. நான் தேடிக்கிட்டே இருந்திருப்பேன், இவருக்கு ரத்தம் போய்க்கிட்டே இருந்திருக்கும்” என்றார் டாக்டர். இந்த முறை கதவு திறந்திருந்தது.

மதியத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு அந்த ரத்தக்குழாயை அடைத்துவிட்டார்கள். அந்த அம்மா வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

மாற்றல் உத்தரவு ரத்தானது. காரணம் என்ற இடத்தில் ‘நிர்வாகக் காரணம்’ என்று இருந்தது. சேதி பரவியதில் டாக்டர்கள் பயந்துபோய்ச் சீட்டிலேயே எல்லாம் எழுத ஆரம்பித்தார்கள். அக்காவுக்குப் போன் போடும் வேலையே குறைந்தது.

நாற்பது நாள் கழித்துத் தரத்தார் திரும்பினார், திருந்திய மனிதராக. பாட்டில் விதியை அவரே கிழித்துப் போட்டார். அன்று மாலையே புதிய சுற்றறிக்கை வந்தது: டெக்னீஷியன் தினமும் குறைந்தது பன்னிரண்டு டாக்டர்களுக்குப் போன் போட்டு ‘எதுக்கு’ என்று கேட்க வேண்டும்.

சென்ற வாரம் அக்காவுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்திருக்கிறது. தினமும் நான்கு போன்தான் போடுகிறாராம். அக்கா படித்துவிட்டு, “எதுக்கு?” என்றார். அடுத்த நோயாளிக்கு மூச்சடக்கப் பழக்கப் போய்விட்டார்.

அவரை இழக்க எனக்கு மனமில்லை. பட்டியலில் யாருக்கு என்று யாரும் பார்ப்பதில்லை, பன்னிரண்டு இருந்தால் போதும்; ஆகவே தினமும் மாலையில் மிச்ச எட்டு போனை அக்காவின் போனிலிருந்து நான் போடுகிறேன். மணி பக்கத்து மேசையில் அடிக்கும். நானே எழுந்து போய் எடுத்து, “எதுக்கு?” என்று கேட்டுவிட்டு வைக்கிறேன். இந்த மாதமும் கோப்பை எங்களுக்குத்தான்.